தாழப் பறத்தல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிரித்தானிய வான்சாகச வீரர் நீல் வில்லியம்ஸின் முடிவை எண்ணுந்தோறும் அம்மொழியே நினைவுக்கு வருகின்றது.

1970 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஹல்லாவிங்டனில் அவர் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, சிலின் விமானத்தின் இடது இறக்கைப் பிணைப்பு முறிந்தது. இறக்கை மேல்நோக்கி மடியலாயிற்று. அவர் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். காற்றின் விசை எதிர்ப்புறமாகத் தாக்கவே, இறக்கை தன் நிலைக்கு மீண்டது. அவ்வாறே தலைகீழாகப் பறந்துவந்து, நிலத்தை அண்மியதும் நிமிர்த்தி இறக்கி, உயிர் தப்பினார்.

அத்தகைய வல்லாளர், 1977 டிசம்பரில், பழைய குண்டுவீச்சு விமானமொன்றை ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவருகையில், மட்ரிட் நகருக்கு அருகிலுள்ள மலையில் மோதி மாண்டார். அவர் மனைவியும் உடன்சென்ற இருவரும் அவரோடு மறைந்தனர்.

உயரமே விமானிக்குக் காலம். மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 67 மீற்றரைக் கடந்துவிடும். மலைநாட்டிலே, மேலே மேகம் தாழ, கீழே நிலம் உயர, பள்ளத்தாக்கும் ஒடுங்குமாயின், திரும்புதற்கு வேண்டிய இடமுங் கிட்டாது. அந்நிலையிற் கைத்திறன் உதவாது. முற்கூட்டியே திரும்பிவிடும் மனத்திண்மையே உதவும்.

தோழனை இழந்த விமானிகள் அவன் புகழைப் பேசுவதோடு, அவன் எங்ஙனம் மாண்டான் என்றும் வினவுவர். அது இரக்கமின்மையன்று. "இவனுக்கே இக்கதியெனின் நாம் எம்மாத்திரம்?" என்னும் அச்சம் இன்னொருவனை ஒருநாள் தரையிலே தரிக்கச் செய்யுமாயின், அதுவே இறந்தவனுக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலி.