வேலைக்குப் போகும் பிள்ளைக்கு 3,000 வெள்ளி எதற்கு?

அண்மையில் நாங்கள் ஒளிப்பதிவு செய்த தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார். சி ரூசா பக்கமுள்ள தோட்டமொன்றில் வேலை செய்பவர். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொண்டு கேட்டார்.

“என் மகனுக்குக் கோலாலம்பூர்ல வேலை கிடைச்சிருக்கும்மா. சம்பளம் 1,800 வெள்ளி. ஆனா போறதுக்கு முன்னாடியே 3,000 வெள்ளி வேணும்னு கேக்குறான். வேலைக்குப் போறவன் வீட்டுக்குக் கொண்டு வரணுமா, வீட்டுலேர்ந்து கொண்டு போகணுமா?”

அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011ஆம் ஆண்டு, மக்கள் தொடர்புத் துறை டிப்ளோமாவை முடித்துக் கொண்டு தலைநகருக்குக் கிளம்பியபோது என் தாயார் கேட்டதும் இதே கேள்விதான். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கையில் 700 வெள்ளியோடு பஸ் ஏறினேன். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன். நிகழ்ச்சியில் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிடம். அதற்குள் சொல்ல முடியாததை வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த மகன் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கணக்குத் தெரியாதவர் அல்லர். தோட்டத்துப் பெண்களைப் போல் கணக்குப் பார்ப்பவர்கள் யார் இருக்கிறார்கள்? மளிகைக் கடையின் 555 புத்தகத்தில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, சம்பள நாளன்று கடனை அடைத்து, மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வீட்டு வாடகை!

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வருவது. வேலை இருக்கும் வரை லயத்து வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் விற்கப்பட்டபோதும் மேம்பாட்டுக்காக எடுக்கப்பட்டபோதும் நம் மக்கள் பட்ட பாட்டுக்கு இதுவே காரணம். மூன்று தலைமுறையாக வாடகை கொடுத்துப் பழகாத குடும்பத்திற்கு, ஒரு சின்ன அறைக்காக ஆயிரக்கணக்கில் முன்பணம் என்பது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் சி ரூசாவிலேயே, கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கொண்டே டிப்ளோமா முடித்து விடலாம். பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அப்படிப் படித்த பிள்ளைக்கு வெளியூரில் தங்கிய அனுபவமே இருக்காது. வேலை கிடைக்கும் நாளில்தான் முதன்முதலாக வீட்டை விட்டுப் போகிறான்.

3,000 வெள்ளியின் கணக்கு

வாடகை இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக, மாதம் 500 வெள்ளிக்கு ஓர் அறை கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நம் நாட்டில் பரவலாக உள்ள வழக்கப்படி இரண்டு மாத வாடகை டெபாசிட், அது 1,000 வெள்ளி. மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் அரை மாத டெபாசிட் 250. முதல் மாத வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், 500. சாவி வாங்குவதற்குள் 1,750 வெள்ளி போய்விட்டது. சில இடங்களில் ஒரு மாத டெபாசிட்டோடு விட்டு விடுவார்கள், கேட்டுப் பார்க்கலாம். அடுக்குமாடியாக இருந்தால் நுழைவு அட்டைக்குத் தனி டெபாசிட் கேட்பார்கள்.

மெத்தை, மின்விசிறி, வாளி, சட்டி பானைக்கு 300 வெள்ளி. ஒரு நாளைக்கு 20 வெள்ளி சாப்பாடு என்றால் 40 நாளுக்கு 800. பயணத்திற்கு 50. மொத்தம் 2,900 வெள்ளி. அவசரத்திற்கு நூறு வெள்ளி சேர்த்தால் அந்த மகன் கேட்ட தொகை வந்துவிடுகிறது.

‘முப்பது நாளில் சம்பளம் வந்துவிடுமே, 40 நாள் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும். முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி பணம் வரலாம். அதற்கு முன்பே இரண்டாம் மாத வாடகையைக் கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருப்பார். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் பாதிதான். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், “சம்பளம் எந்தத் தேதியில் வரும், முதல் மாதம் எவ்வளவு வரும்?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வருகிற சம்பளமும் 1,800 அல்ல. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 198 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ, வேலைக் காப்புறுதிப் பிடித்தங்களும் உண்டு. கையில் 1,600 கூட வராது. அதில் வாடகை 500, மின்சாரம் தண்ணீர் பங்கு 60, சாப்பாடு 600, பயணம் 80, கைப்பேசி 40, மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போக 60 என்று போட்டால் 1,340 ஆகிறது. மிஞ்சுவது சுமார் 240 வெள்ளி. துணிமணி, மருந்து, நண்பனின் திருமண மொய், கல்விக் கடன் எல்லாம் இதற்குள்தான். இந்த நிலையில் மாதத் தவணைக்குப் புது மோட்டார் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதம் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். மாதம் 50 வெள்ளிக்கு ‘மை50’ அட்டை வாங்கினால் எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேப்பிட் பஸ் எல்லாவற்றிலும் 30 நாளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஆனால் கேடிஎம் கொமுட்டர் அதில் சேராது என்பதை மறந்து விடாதீர்கள்.

கொமுட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. “சி ரூசாவிலிருந்தே போய் வரக்கூடாதா?” என்றும் சிலர் கேட்டார்கள். கோலாலம்பூர் சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் சிரம்பான் வரை போய் ரயில் ஏறி, அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பிறகு இன்னொரு ரயில் அல்லது பஸ் என்றால் நாளில் ஐந்தாறு மணி நேரம் சாலையிலேயே கழியும். ஒரு மாதம் தாங்கும், ஒரு வருடம் தாங்காது. வேலையிடம் பண்டார் தாசேக் செலாத்தான், மிட்வேலி, கே.எல். சென்ட்ரல் போன்று கொமுட்டர் நிலையத்தை ஒட்டி இருந்தால் நீலாயில் அறை பார்ப்பது நல்ல யோசனை. தலைநகர வாடகை அங்கே இருக்காது.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் எல்லா முதலாளிகளும் 1,700 வெள்ளி கொடுத்தாக வேண்டும். தெலுக் கெமாங் தங்கும் விடுதியிலும் அதே 1,700, கோலாலம்பூர் பேரங்காடியிலும் அதே 1,700. வாடகை மட்டும் ஒன்றல்ல! வீட்டிலிருந்தபடி போர்ட்டிக்சனில் 1,700 வாங்கும் பிள்ளையின் கையில், தலைநகரில் 1,800 வாங்குபவனை விட அதிகப் பணம் நிற்கும். அப்படியானால் போகவே வேண்டாமா? படித்த துறையில் வேலை, இரண்டு வருடத்தில் உயரக்கூடிய பதவி என்றால் தாராளமாகப் போகலாம். நூறு வெள்ளி கூடுதல் என்பதற்காக மட்டும் போவது நஷ்டக் கணக்கு என்பதே என் கருத்து.

அறை தேடும்போது

என் கதைக்கு வருகிறேன். 700 வெள்ளியோடு வந்த நான் செந்தூலில் சித்தி வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். பிறகு ஓர் அறைக்கு, சித்தியிடம் கடன் வாங்கி டெபாசிட் கட்டினேன். ரசீது கேட்கவில்லை. பணம் வாங்கிய பெண்மணியை வீட்டு உரிமையாளர் என்றே நினைத்திருந்தேன். அவரும் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்பது எட்டு மாதம் கழித்து, உண்மையான உரிமையாளர் வந்து எல்லாரையும் காலி செய்யச் சொன்னபோதுதான் தெரிந்தது. டெபாசிட் போனது போனதுதான். அம்மாவிடம் அதை நான் இரண்டு வருடம் சொல்லவில்லை.

ஆகவே இளையோருக்குச் சொல்வது இதுதான். பணம் வாங்குபவர் யார் என்று கேளுங்கள். உரிமையாளர் இல்லையென்றால், உள்வாடகைக்கு விட உரிமையாளர் கொடுத்த அனுமதியைப் பாருங்கள். ஒரு பக்கமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அறைக்குள் நுழைந்த அன்றே சுவர், ஜன்னல், மின்விசிறி, மீட்டர் எண் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி விடுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால், வழக்கறிஞர் இல்லாமலே மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். அறையை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள். இணைய மோசடிகளுக்காக 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது. பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பிருக்கிறது.

சொல்லக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று போடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தொலைபேசியில் நன்றாகப் பேசி விட்டு, பெயரைக் கேட்டதும் “அறை போய்விட்டது” என்று சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இதை எதிர்த்துப் பேச வேண்டும், அது வேறு விஷயம். இன்றைக்கு அறை தேடும் பிள்ளைக்கு இதன் பொருள், தேடல் ஒரு வாரத்தில் முடியாது என்பதுதான். வேலை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே தேட ஆரம்பியுங்கள். அது வரை தங்க உறவினர் வீடு ஒன்றை ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். சித்தி வீடோ மாமா வீடோ, எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்லி விட்டுப் போவது இரு தரப்புக்கும் மரியாதை.

பணம் எங்கிருந்து வரும்? வழி என்னவோ ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேறு. சில அம்மாக்கள் கூட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். படிக்கும்போதே வாரக் கடைசியில் கடற்கரை விடுதிகளில் வேலை செய்து சேர்த்த பிள்ளைகளும் உண்டு. எப்படியானாலும் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் அழைக்க வேண்டாம். வட்டி முதலைகளிடம் வாங்கிய 1,000 வெள்ளி குடும்பங்களை எந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறது என்று நம் நாளிதழ்கள் எத்தனையோ முறை எழுதி விட்டன. ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே அலுவலகத்திற்குப் போகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கை நம்பியும் பலர் இருக்கிறார்கள். முதலாளியின் பங்கையும் சேர்த்து 1,800 வெள்ளிச் சம்பளத்துக்கு அந்தக் கணக்கில் மாதம் சேர்வது சுமார் 43 வெள்ளி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முதல் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பாவிட்டால் அப்பா என்ன நினைப்பார் என்று பயந்து, வாடகைப் பணத்தை ஊருக்கு அனுப்பி விட்டு மேகி சாப்பிட்டுக் கிடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்றாம் மாதத்திலிருந்து அனுப்பட்டும். நூறானாலும் தவறாமல் அனுப்பட்டும். பிள்ளைகளும் “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று வீட்டில் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துக் கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். “அந்த ரெண்டு மாச டெபாசிட்டு, காலி பண்றப்ப திரும்பக் கிடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

“வாடகை பாக்கி இல்லாமல், ஒப்பந்தப்படி முன்கூட்டியே சொல்லி விட்டு, ஒன்றையும் உடைக்காமல் காலி செய்தால் கிடைக்க வேண்டும், அம்மா. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கட்டும்” என்றேன்.

“அப்போ அது செலவு இல்ல, அவன் பணம்தான்” என்று சொல்லியபடி கைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். 1,000 என்று தனியாக எழுதி, பக்கத்தில் மகனின் பெயரைப் போட்டுக் கொண்டார்.