படத்தில் இருப்பது எந்தக் கார்? முற்பணம் கொடுக்கும் முன் ஒரு விசாரணை

சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் உள்ள என் கடைக்கு ஒரு இளைஞர் வந்தார். கொட்டாஞ்சேனையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகன். கையில் ஒரு பழைய படத்தின் பிரதி. "மாமா, இது இந்தியாவில் செய்த முதலாவது மாருதி. ஒருத்தரிடம் இருக்குதாம். பழைய கார் சேகரிக்கிறவர்கள் நல்ல விலை கொடுப்பார்களாம். பாதிப் பணம் இப்போதே அனுப்பச் சொல்கிறார்" என்றார்.

படம் மங்கல். இரண்டு கதவுகள் உள்ள ஒரு சின்னக் கார். பின்பக்க மூடியில் காற்றுத் துவாரங்கள். இலக்கத் தகட்டில் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்தன: எம்.எச். இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையும் நானும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசினோம். நமது வர்த்தக நண்பர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாருதி. நாம் கொழும்பு வீதிகளில் கண்டு பழகிய மாருதி 800 காரின் முதலாவது வண்டி 1983 டிசம்பர் 14ஆம் திகதி டில்லியில் கையளிக்கப்பட்டது. சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அதன் இலக்கம் டி.ஐ.ஏ. 6479. அது ஜப்பானின் சுசுகி கம்பனியின் வடிவம். முன்பக்கத்தில் 796 சீ.சீ. மூன்று சிலிண்டர் என்ஜின், முன்சக்கர இழுவை, பயணிகளுக்கு நான்கு கதவுகள். 1986இல் உருவம் மாறியது. உற்பத்தி 2014இல் நின்றது. இதோடு ஒப்பிட்டால், இரண்டு கதவும் பின்பக்கத் துவாரமும் உள்ள படத்து வண்டி சுசுகி மாருதி அல்ல என்பது உடனே தெரிந்துவிடும். பின்பக்க மூடியில் துவாரம் வைப்பது பெரும்பாலும் என்ஜின் பின்னால் இருப்பதால்தான்.

"அப்படியென்றால் சுசுகிக்கு முன்னர் இருந்த மாருதியாக இருக்குமோ?" என்று தம்பி கேட்டார். கேள்வி நியாயமானது. மாருதி என்ற பெயரில் அதற்கு முன்னர் ஒரு கம்பனி இருந்தது. இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி, ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்வதற்கு 1970இல் அரசின் அனுமதிக் கடிதம் பெற்றார். 1971இல் மாருதி லிமிடெட் பதிவானது. தொழிற்சாலை ஹரியானா மாநிலத்தின் குர்கானில். முன்மாதிரி வண்டிகள் செய்யப்பட்டன, காட்டப்பட்டன. ஆனால் அந்தக் கார் சந்தைக்கு வரவேயில்லை. 1978இல் நீதிமன்றம் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது. 1980இல் அரசு அதன் சொத்தைச் சுவீகரித்தது. 1981இல் மாருதி உத்யோக் என்ற அரச கம்பனி தோன்றியது. 1982இல் சுசுகியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது.

ஆனால் இலக்கத் தகடு வேறு திசையைக் காட்டியது. அக்காலத்து இந்திய இலக்கத் தகடுகளில் எம்.எச். என்று தொடங்குவது மகாராஷ்டிர மாநிலம். டில்லி வண்டிகள் 'டி' எழுத்தில் தொடங்கும். குர்கானில் செய்த காரை மகாராஷ்டிராவில் பதிந்திருக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. என்றாலும் அந்த மாநிலத்திலேயே ஒரு சின்னக் கார் பிறந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் பெயர் மீரா.

மீராவைச் செய்தவர் சங்கர்ராவ் குல்கர்னி. ஊர் கோலாப்பூர் மாவட்டத்தின் இச்சல்கரஞ்சி. பெரிய கம்பனி எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. முதலாவது மாதிரியை 1949இல் செய்தார். அதன்பின் இருபது வருடங்களுக்கு மேல் திருத்தித் திருத்திப் புதிய மாதிரிகள் செய்தார். என்ஜினைப் பின்னால் வைத்தார். சுமார் 12,000 ரூபாவுக்குச் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய காராக்க வேண்டும் என்பது அவரது நோக்கம். அன்று இந்தியாவில் எந்தக் காரை எவர் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசே தீர்மானித்தது. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் சந்தையில் இருந்தன. மீரா தொழிற்சாலை உற்பத்திக்கு வரவில்லை. ஆகவே படத்தில் இருப்பது மீராவாக இருக்கவே கூடுதல் சாத்தியம், மாருதி அல்ல என்று தம்பியிடம் சொன்னேன்.

"அப்படியென்றால் விலை இன்னும் கூடுமே மாமா?" என்றார். இங்கேதான் வியாபாரி நிதானிக்க வேண்டும். படத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை. அந்தப் பொருள் இன்று இருக்கிறதா, விற்பவருக்கு அது சொந்தமா என்று அறிவது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்தவுடன் இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

முன்மாதிரி என்றால் என்ன என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலைக் காரின் தகடுகள் அச்சில் அழுத்தப்படுபவை. ஒரு வண்டியின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தும். முன்மாதிரியின் தகடு பெரும்பாலும் கையால் அடித்தது. கதவு இடைவெளி ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். விளக்கு, கைப்பிடி, சக்கரம் எல்லாம் வேறு வண்டிகளில் இருந்து எடுத்துப் பொருத்தியிருப்பார்கள். இதனால் ஒரு ஆபத்து உண்டு. பழைய வண்டி ஒன்றின் உடம்பை வெட்டி ஒட்டியவரும் 'இது முன்மாதிரி' என்று சொல்லிவிடலாம். கையால் அடித்த அடையாளம் மட்டும் சாட்சியாகாது. சாசி இலக்கம், என்ஜின் இலக்கம், பழைய பதிவுப் புத்தகம், கை மாறிய பத்திரங்கள் ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

சஞ்சய் காந்தியின் மாருதிக் கதையில் நமக்கு இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. அந்தக் கம்பனி கார் விற்பதற்கு முன்பே பல ஊர்களில் முகவர்களை நியமித்து வைப்புப் பணம் வாங்கியது. கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள். அவர்கள் கண்டது முன்மாதிரியை. அவர்களுக்கு விற்பதற்குக் கார் வரவில்லை. பின்னர் நீதிபதி ஏ.சி. குப்தா ஆணைக்குழு மாருதி விவகாரத்தை விசாரித்தது. விசாரணை அறிக்கை வரலாம், போட்ட பணம் அதனால் திரும்பிவிடாது.

நல்ல பெயருள்ள இடத்திலும் மாதிரிக்கும் விநியோகத்துக்கும் இடையில் தூரம் உண்டு. டாட்டா நானோ 2008 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. அதே வருடம் சிங்கூரில் காணிப் பிரச்சினையால் தொழிற்சாலையைக் கைவிட்டு குஜராத்தின் சனந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 2009இல் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். முதற்கட்டக் கார்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பின்னர் அந்த நானோ கொழும்பில் டாக்சியாகவும் ஓடியது. 2018இல் உற்பத்தி நின்றது. அங்கே பணம் வாங்கியவர் பெரிய நிறுவனம், காரும் வந்தது. அப்படியிருந்தும் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சாசி இலக்கத்தின் தெளிவான படம் வேண்டும். பதிவுப் புத்தகத்தின் பிரதி வேண்டும். நம்பிக்கையான ஒருவர் நேரில் போய் வண்டியைப் பார்க்க இடம் தர வேண்டும். கூடவே இன்னொன்று: பழைய வாகனத்தை இலங்கைக்கு இறக்கலாமா என்பதை இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள். வண்டி உண்மையானதாக இருந்தாலும் துறைமுகத்தில் நின்றுவிட்டால் அது சரக்கு அல்ல, செலவு.

கேள்விகள் போயின. முதல் நாள் 'நாளைக்கு அனுப்புகிறேன்' என்று பதில் வந்தது. அடுத்த வாரம் 'வேறு ஒருவர் வாங்கப் போகிறார், சீக்கிரம் பணம் போடுங்கள்' என்று வந்தது. சாசி இலக்கம் மட்டும் வரவில்லை. தம்பி பணம் அனுப்பவில்லை. அந்தக் காசுக்குப் பஞ்சிகாவத்தையில் ஓடக்கூடிய சரக்கு வாங்கிக் கடையில் போட்டார்.

அந்தப் படம் இன்னும் என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. குல்கர்னி போன்றவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். வழி கிடைத்திருந்தால் அவரது கார் நம் வீதிக்கும் வந்திருக்கலாம். ஆனால் ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது என்று நம் முன்னோர் சொன்னது வியாபாரத்துக்கும்தான். படத்தைப் பார்த்து ஆசைப்படலாம். பத்திரத்தைப் பார்த்த பின்னர்தான் பணப்பையைத் திறக்க வேண்டும்.