தவணை சொன்ன பிரதமர்

(பிரான்ஸ்: ஆண்டுகளின் கதை – 1954)

வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லையை ஒட்டி மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு தியென் பியென் பூ. அதன் நடுவில் அரண் அமைத்து உட்கார்ந்தால், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஹோ சி மின்னின் வியட்மின் படை மலையிலிருந்து இறங்கி வந்து அடிவாங்கும் என்று பிரெஞ்சுத் தளபதி நவார் கணக்குப் போட்டார். அவ்வளவு செங்குத்தான மலைகளில் பீரங்கிகளை ஏற்ற முடியாது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. ஆனால் வியட்மின் தளபதி ஜெனரல் கியாப்பின் ஆட்கள் பீரங்கிகளைக் கயிறு கட்டி இழுத்தே மேலே கொண்டுபோய், மலையைக் குடைந்து மறைத்துவைத்தார்கள்.

மார்ச் 13 மாலை குண்டுகள் விழத் தொடங்கின. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அரண்களுக்குப் பெண்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். பெயாத்ரீஸ் அன்றிரவே வீழ்ந்தது. கப்ரியேல் 15ஆம் தேதி போனது. எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடலாம் என்று உறுதி கூறியிருந்த கர்னல் பிரோத் கையெறி குண்டால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே ஒரு கை இல்லை.

கப்ரியேல் குன்றைக் காத்து நின்றது அல்ஜீரியப் பட்டாளம் ஒன்று. மற்ற குன்றுகளில் மொராக்கோக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், வியட்நாமியர்கள், ஜெர்மானியர் பலர் இருந்த அந்நியர் படை. பெயர்தான் பிரான்ஸின் போர். கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள் யாரும் இந்தோசீனாவுக்கு அனுப்பப்படவில்லை. செலவின் பெரும்பகுதியை அமெரிக்கா ஏற்றிருந்தது. ஆகவே பாரிஸ் மக்களுக்கு அந்தப் போர் வெகுதூரத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர்களை உலுக்கிய செய்தி வேறு: வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் நடைபாதையில் விறைத்துச் செத்தாள் என்று பாதிரியார் அபே பியேர் பிப்ரவரி 1 அன்று வானொலியில் சொன்னதும், நாடே போர்வைகளோடு ஓடிவந்தது.

மே 7 அன்று தியென் பியென் பூ வீழ்ந்தது. 10,000-க்கும் மேற்பட்டோர் கைதிகளானார்கள். அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் தேறுவார்கள். மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது. தோற்ற கையோடு பேரம் பேச உட்காருவதைவிடச் சங்கடமான நிலை ராஜதந்திரத்தில் இல்லை. ஜூன் 12 அன்று பிரதமர் லானியேலின் அரசு கவிழ்ந்தது.

அடுத்து வந்தவர் பியேர் மெந்தெஸ் பிரான்ஸ், வயது 47. நாடாளுமன்றத்தில் அவர் சொன்னது இதுதான்: ஜூலை 20-க்குள் போர்நிறுத்தம், முடியாவிட்டால் ராஜினாமா. கம்யூனிஸ்டுகள் போடும் ஓட்டைக் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பேரத்துக்குப் போகிறவன் தன் தவணையை ஊரறியச் சொல்லலாமா? எதிராளி சும்மா இருந்தாலே போதுமே! ஆனால் அவர் ஆளைச் சரியாக எடைபோட்டிருந்தார். அமெரிக்கா நேரடியாக நுழைந்துவிடுமோ என்ற கவலை சீனாவுக்கு. மாஸ்கோவும் ஒப்பந்தத்தையே விரும்பியது. சீனப் பிரதமர் சூ என்லாயை அவர் பெர்ன் நகரில் தனியாகச் சந்தித்தார். தவணைக்குள் முடியாவிட்டால், கட்டாய சேவை இளைஞர்களை அனுப்பும் மசோதாவைக் கொண்டுவந்துவிட்டுத்தான் பதவி விலகுவேன் என்று ஒரு மிரட்டலும் விட்டுவைத்தார்.

ஜூலை 20 இரவு எல்லாம் கூடிவந்த நேரத்தில் கம்போடியத் தூதுக்குழு முரண்டு பிடித்தது. அதைச் சமாதானப்படுத்திக் கையெழுத்திடும்போது 21ஆம் தேதி விடிகாலை ஆகிவிட்டது. மண்டபத்துக் கடிகாரத்தை நிறுத்திவைத்தார்கள் என்று சொல்வதுண்டு. காகிதத்தில் ஜூலை 20 என்றே இருக்கிறது. 17ஆவது அட்சரேகையில் வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. களத்தில் வென்றதைவிட மேசையில் குறைவாகவே ஹோ சி மின் தரப்புக்குக் கிடைத்தது. நாட்டை மீண்டும் இணைக்க 1956-இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவே இல்லை.

தேதி வைத்து வேலை செய்யும் இந்தப் பழக்கம் மெந்தெஸ் பிரான்ஸை விட்டுப் போகவில்லை. ஜூலை 31 அன்று பிரெஞ்சுப் பிடியில் இருந்த துனிசியாவுக்கே பறந்து, உள்நாட்டுத் தன்னாட்சி தருவதாக அறிவித்தார். சனிக்கிழமைதோறும் வானொலியில் மக்களோடு பேசினார். ஒயின் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கச் சொன்னார். தானும் எல்லார் முன்னிலும் பால் குடித்தார். கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம், சாராயம் காய்ச்சுவோருக்குக் கடுங்கோபம்.

புதுச்சேரியும் அவர் தீர்க்கவேண்டிய பட்டியலில் இருந்தது. மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க 1946 பிரெஞ்சு அரசியல் சட்டம் இடம் தரவில்லை. பொது வாக்கெடுப்புக்குப் பதிலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள் அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடினார்கள். இந்தியாவோடு இணைப்புக்கு 170 பேர், எதிராக 8 பேர். நீண்ட காலம் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்று, அந்த ஆண்டு வசந்தத்தில் இணைப்பின் பக்கம் மாறியவர் புதுவை அரசியல்வாதி எதுவார் குபேர். புதுவைப் பெரிய மார்க்கெட் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

அதே நவம்பர் 1, நள்ளிரவு கடந்த நேரத்தில், அல்ஜீரியாவில் போலீஸ் நிலையங்களும் படைமுகாம்களும் தாக்கப்பட்டன. தேசிய விடுதலை முன்னணி போரை அறிவித்தது. தியென் பியென் பூ செய்தி அங்கே எட்டாத மூலை இல்லை. ஆனால் பாரிஸின் கணக்கில் அல்ஜீரியா காலனி இல்லை. 1848 முதல் பிரான்ஸின் மாவட்டங்கள், ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியர்கள், நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு உறுப்பினர்கள். உள்துறை அமைச்சர் மித்தெரான் அல்ஜீரியாதான் பிரான்ஸ் என்றார். நவம்பர் 12 அன்று மெந்தெஸ் பிரான்ஸும் அதையே சொன்னார். தவணை எதுவும் குறிக்கவில்லை. ஜெனீவாவில் அத்தனை தெளிவாகப் பார்த்தவர் இங்கே தடுமாறியதற்கு நாடாளுமன்றக் கணக்குதான் காரணம் என்பேன். அந்தக் கணக்கும் அவரைக் காப்பாற்றவில்லை: 1955 பிப்ரவரி 5 அன்று வட ஆப்பிரிக்கக் கொள்கையின் பெயரால் அவரைக் கவிழ்த்தார்கள். முன்னின்றவர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் தொகுதி உறுப்பினர் ரெனே மேயர்.

புதுச்சேரி ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானபோதும், அல்ஜீரியப் போர் முடியும்வரை பாரிஸ் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது.

(தொடரும்)