115 குதிரையும் லாயத்தில் இருக்கிறதா?

டீயை ஆற விடாதே, தம்பி. வண்டி எங்கேயும் போய்விடாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வழிவிட்டால்தானே போகும்!

நல்ல வண்டியைத்தான் வாங்கியிருக்கிறாய். மிட்சுபிஷி லான்சர் செடியா, 2006-ல் விற்பனைக்கு வந்தபோது நம் திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது. தேசிய ராலிகளில் எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் ஓட்டி ஜெயித்ததும் செடியாதான். அந்த எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகப் பிறந்தது இதே திருவொற்றியூரில். இந்த வண்டியோடு நாம் சொந்தம் கொண்டாடலாம், தப்பில்லை.

2 லிட்டர் இன்ஜின், 115 எச்.பி. அதை 140 ஆக்க வேண்டும் என்கிறாய். இன்றைக்கு அதில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாயா? 115 என்பது புது இன்ஜினின் கணக்கு. வருஷம் ஏற ஏற பிஸ்டன் ரிங் தேயும், இன்ஜெக்டரில் அழுக்குப் பிடிக்கும், சைலன்சர் வழியில் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் அடைக்கும். எண்ணூர்ப் பக்கம் ஓடிய வண்டி என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் உப்புக்காற்றும் வேறு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார், தெரியும்.

அதனால் முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதும் பேச்சையே எடுக்காதே. பிறகு பிளக், ஃபில்டர், பெட்ரோல் பிரஷர். தொலைந்த குதிரைகளில் பாதி இங்கேயே திரும்பிவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறம் டைனோ. உருளை மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் மெஷின் அது. இன்ஜின் தருவதில் கொஞ்சத்தை கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் விழுங்கிவிடும். 115 எச்.பி. வண்டி அங்கே 100-க்குக் கீழே காட்டினாலும் பயப்படாதே. வெயிலும் கணக்கில் சேரும். 15 டிகிரிக் காற்றைவிட 35 டிகிரிக் காற்று ஆறு சதவீதத்துக்கு மேல் லேசு, அந்த அளவுக்கு ஆக்ஸிஜனும் குறைவு. 'முன்பு' கணக்கை மத்தியான வெயிலிலும் 'பின்பு' கணக்கை ராத்திரியிலும் எடுத்தால், ஒரு நட்டைக்கூடத் திருகாமலே பவர் ஏறியது மாதிரி தெரியும். ஒரே மெஷின், ஒரே கியர், ஒரே டயர் காற்று, பக்கத்துப் பக்கத்து நேரம் என்று கேட்டு வாங்கு.

டைனோ இல்லாமலும் அளக்கலாம். உன்னையும் பெட்ரோலையும் சேர்த்து வண்டி 1,300 கிலோ என்று வை. மூன்றாம் கியரில் 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 3 விநாடியில் போனால், அது சேர்த்த இயக்க ஆற்றல் சுமார் 1,40,000 ஜூல். மூன்றால் வகுத்தால் 47 கிலோவாட், ஏறக்குறைய 64 எச்.பி. காற்றும் டயரும் தின்றது இதில் சேரவில்லை. அந்த வேகத்தில் இன்ஜின் உச்சத்திலும் இல்லை. அதனால் 115-ஓடு ஒப்பிடாதே, உன் வண்டியின் பழைய கணக்கோடு ஒப்பிடு. போகவும் வரவும் எடுத்துச் சராசரி பார், எதிர்காற்று சரியாகிவிடும்.

இதை எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி செய்துபார்க்காதே. ஒரு காலத்தில் நமக்குப் பக்கத்தில் சோழவரம் இருந்தது, உலகப்போர்க் கால விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியதே அதில்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்தபின் அந்த ஆட்டம் அங்கே போய்விட்டது.

140-க்கு வருவோம். டர்போ இல்லாத இன்ஜினில் ஏர் இன்டேக், சைலன்சர், ரீமேப் மூன்றும் சேர்ந்தாலும் கூடுவது கொஞ்சம்தான். அதுவும் வெளிநாட்டு ரீமேப்பை அப்படியே ஏற்றாதே. நம் பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், கலவைக் கணக்கே வேறு. அதற்கு மேல் வேண்டுமென்றால் கேம், ஹெட் வேலை என்று இன்ஜினைத் திறக்க வேண்டும். பிரேக்கையும் கூடவே ஏற்ற வேண்டும், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். தயாரிப்பாளரின் வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மறந்துவிடாதே.

கம்ப்ரெஷன் டெஸ்ட் சீட்டோடு வா. அடுத்த டீ என் கணக்கு.