சாணி போனால் சத்தும் போகும்



"மாடு மேய்ஞ்சா நிலம் வளமாகும்" என்று சிலர் சொல்வார்கள். "மாடு மேய்ஞ்சே காடு பாழாப் போச்சு" என்று வேறு சிலர் சொல்வார்கள். இதில் எது சரி? காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை வைத்துப் பார்ப்போம்.

கொறங்காடு என்பது மழையை மட்டும் நம்பி இருக்கும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல், நரிப்பயறு, நிழலுக்கு வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளும், எருமைகளும், செம்மறி ஆடுகளும் இங்கேதான் மேய்கின்றன.

மாடு சத்தை உண்டாக்குவதில்லை. புல்லில் உள்ள சத்தை எடுத்து மண்ணுக்குத் திருப்பித் தருகிறது. தின்ற தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணியிலும் கோமியத்திலும் வெளியே வந்துவிடும். மணிச்சத்து பெரும்பாலும் சாணியில் இருக்கும். சாம்பல்சத்து பெரும்பாலும் கோமியத்தில் இருக்கும். காய்ந்த புல் மழை இல்லாத காலத்தில் தரையில் கிடந்தால் மக்குவதற்கு மாதக்கணக்கு ஆகும். மாட்டின் வயிற்றில் இரண்டு மூன்று நாளில் சாணியாகிவிடும்.

அப்படியானால் காடு ஏன் மெலிகிறது? மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, பகலெல்லாம் காட்டில் மேய்ந்த மாடு இரவில் கட்டுத்தரையில் சாணி போடுகிறது. அந்தச் சாணி தோட்டத்துக்குப் போகும், இல்லாவிட்டால் லாரி ஏறும். காட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. தழைச்சத்தையாவது நரிப்பயறு போன்ற பயறு வகைகள் காற்றிலிருந்து கொஞ்சம் பிடித்துத் தரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காற்றிலிருந்து வராது.

இரண்டு, மாடுகள் மர நிழலிலும் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலும்தான் அதிக நேரம் நிற்கும். காடு முழுக்க எடுத்த சத்து அந்த இடத்தில் மட்டும் சேருகிறது.

மூன்று, அளவுக்கு மீறி மாடு விட்டால் புல் தூரோடு போய்விடும். வெறும் மண்ணாகிவிட்டால், மழை வரும்போது மேல்மண்ணோடு சத்தையும் அடித்துக்கொண்டு போகும்.

மாட்டுக்கடன் தவணை கட்ட எரு விற்கும் உறுப்பினர்களைப் பார்க்கிறோம். அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. தவணை நாள் வந்தால் கையில் காசு வேணுமே! ஆனால் ஒன்றை யோசியுங்கள். குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்து, திருப்பிக் கட்டாமல் விட்டால் குழு நிலைக்குமா? எரு காட்டோட சேமிப்பு. மொத்தமும் விற்றால் சில வருஷத்தில் புல் குறையும். அப்புறம் தீவனம் வாங்கத் திரும்பக் கடன் கேட்க வேண்டிவரும்.

நாம் செய்யக்கூடியவை:

* விற்கிற எருவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஐப்பசி மழைக்கு முன்பு காட்டில் இறையுங்கள்.
* ஆட்டுப்பட்டியைச் சில நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள்.
* முடிந்தால் தண்ணீர்த் தொட்டியையும் இடம் மாற்றி வையுங்கள்.
* கட்டுத்தரையில் மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால், தழைச்சத்து காற்றோடு போகிறது என்று அர்த்தம். கழிவுத் தட்டு, சருகு பரப்பினால் கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதையும் எருக்குழியில் போடுங்கள்.
* மேய்ந்த காட்டின் படலை அடைத்து, புல் துளிர்க்க அவகாசம் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மாட்டுக்கடன் பற்றிப் பேசும்போது, "இத்தனை மாட்டுக்கு நம்ம காடு தாங்குமா? எருவில் எவ்வளவு காட்டுக்குத் திரும்பப் போகுது?" என்றும் கேளுங்கள். கடன் மனுவில் இந்தக் கேள்விகள் இருக்காது. நாமதான் கேட்கணும்.