மகமைக் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும்



சரஸ்வதி பூஜை அன்று தராசு, எடைக்கல், கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வணங்குவது நம் கடைகளின் வழக்கம். இப்போது அந்த வரிசையில் கம்ப்யூட்டரும், பில் அடிக்கும் மிஷினும், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டியும் சேர்ந்துவிட்டன. படித்த பிள்ளைகள் சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. எதைக் கொண்டு பிழைக்கிறோமோ அதை வணங்குவது நம் மரபு.

ஆனால் பழைய நோட்டுக்கு வைத்த பொட்டுக்கும் இன்றைய மிஷினுக்கு வைக்கும் பொட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய கணக்கில் சாமிக்கு ஒரு பக்கம் இருந்தது. வேலை பழக வந்த பையனுக்கு ஒரு படிப்பும் இருந்தது. மிஷினில் இவ்விரண்டும் தாமாக வருவதில்லை. நாம் வைத்தால்தான் உண்டு.

சாமிக்கு ஒரு பக்கம்

புதுக்கணக்கு தொடங்கும்போது முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு ‘லாபம்’ என்று எழுதுவோம். முஸ்லிம் வியாபாரிகள் 786 என்று எழுதுவார்கள். கிறிஸ்தவ வியாபாரிகள் சிலுவைக் குறி இடுவார்கள். குஜராத்தி வியாபாரிகள் தீபாவளியன்று சோப்டா பூஜை செய்து புது நோட்டைத் திறக்கிறார்கள். வங்காளத்தில் அவர்கள் வருடப் பிறப்பன்று ‘ஹால் கத்தா’ என்று இதையே செய்கிறார்கள். தானியம் அளக்கும்போதும் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். மதம் எதுவானாலும் கணக்கு என்பது கடவுள் முன்னால் எழுதுவது. பொய் எழுதக் கை கூசும். அதுதான் இவ்வழக்கங்களின் பொருள்.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் சடங்கு. நம் முன்னோர்கள் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்றோ, விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்றோ மகமை எடுத்து, பேரேட்டில் அதற்கெனத் தனித் தலைப்புப் போட்டு எழுதி வந்தார்கள். அது கடைக்காரர் பணமல்ல, பொதுப் பணம். நாடார் உறவின்முறைகளிலும் நகரத்தார் லேவாதேவியிலும் இவ்வழக்கம் ஊன்றியிருந்தது. வட இந்திய வியாபாரிகள் இதையே ‘தர்மாதா’ என்றார்கள். வாடிக்கையாளரிடம் தர்மாதா என்று வாங்கும் பணம் தர்மத்துக்கு உரியதே தவிர வியாபாரியின் வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பு அளித்தது.

இந்த மகமை திருவிழாவோடும் சப்பரத்தோடும் முடிந்துவிடவில்லை. விருதுநகர் வியாபாரிகள் மகமைப் பணத்தைக் கொண்டும், வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டியும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1889ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததே. கர்மவீரர் காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிறகு அவர் முதலமைச்சராக இருந்தபோது (1954-1963) கிராமங்கள்தோறும் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் போட்டதை நாடறியும். மூட்டைக்குக் காலணா, அரையணா என்று ஒதுக்கிய கடைக்காரர்களுக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்று அன்று தெரிந்திருக்காது.

சென்னையில் பச்சையப்ப முதலியார் கதையும் இதுபோன்றதே. துபாஷியாக இருந்து பொருள் ஈட்டிய அவர், கோயில் தர்மங்களுக்கு என்று எழுதிவைத்து 1794ல் காலமானார். அந்தத் தர்மப் பணத்தில் மிகுந்ததைக் கொண்டு 1842ல் பள்ளிக்கூடம் எழுந்தது. இன்றைய பச்சையப்பன் கல்லூரி அதன் வழி வந்ததே. பக்தியில் ஒதுக்கிய பணம் படிப்பாக மாறிய வரலாறு இது.

கடையே பள்ளிக்கூடம்

இரண்டாவது விஷயம் கடையில் கிடைத்த படிப்பு. கிராமத்திலிருந்து வந்த பையன் முதலில் கடை வாசல் கூட்டுவான். பிறகு பொட்டலம் மடிப்பான். பிறகு தராசு பிடிப்பான். கை சுத்தமாகவும் மனக்கணக்கு வேகமாகவும் இருந்தால் கணக்கெழுத உட்காருவான். சிட்டையைப் பார்த்து நாள்வழி, நாள்வழியிலிருந்து பேரேடு, வருட முடிவில் ஐந்தொகை. இந்த வரிசை கை வந்தவனுக்கு ஒரு வியாபாரத்தின் முழு உருவமும் தெரிந்துவிடும். அவனுக்கு முதலாளியே முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுத்ததும் உண்டு. நம் சங்க உறுப்பினர்களில் பலரது கடை அப்படித் தோன்றியதுதான்.

புதுமையைக் கண்டு நம்மவர்கள் பயந்ததும் கிடையாது. 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. அதையடுத்து படி, வீசை, மணங்கு போய் லிட்டர், கிலோ வந்தன. அரைக்கால், மாகாணி என்று கணக்குப் போட்டுப் பழகியவர்கள் தசமத்துக்கு மாறினார்கள். 2007ல் வாட் வந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு முறையும் புலம்பினோம், ஆனால் கற்றுக்கொண்டோம்.

மிஷின் கூட்டும், யோசிக்காது

இப்போது வந்திருக்கும் மாற்றத்தில்தான் கற்றுக்கொள்வது விட்டுப்போயிற்று. காரணம், மிஷின் நமக்குப் பதிலாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. கூட்டலில் அது பிசகுவதில்லை. ஆனால் தவறான தலைப்பில் எழுதினால், அந்தத் தவறையும் பிசகில்லாமல் கூட்டிக் கொடுக்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். கணக்குப்படி கல்லாவில் இருக்க வேண்டிய ரொக்கம் ஒரு மாதத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் குறைந்தது. கடைக்காரரின் சந்தேகம் கல்லாவில் நிற்கும் பையன் மேல் போயிற்று. ஊருக்கு அனுப்பிவிடுவது என்றே முடிவாகிவிட்டது. பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தபோது உண்மை வெளிவந்தது. போன் மூலம் நேரே பேங்க்குக்குப் போய்ச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியையும் ரொக்க வரவு என்றே பதிந்திருந்தார்கள். திருட்டு நடக்கவில்லை. பதிந்ததும் அதே பையன்தான். ரொக்க வரவு வேறு, பேங்க் வரவு வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டியிருந்தார்கள். கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்திராவிட்டால் அந்தப் பையன் ‘திருடன்’ என்ற பெயரோடு ஊர் திரும்பியிருப்பான்.

வரி விஷயமும் அப்படித்தான். 2022 ஜூலை 18 முதல், லேபிளோடு பொட்டலம் கட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை 5 சதவீத வரிக்குள் வந்தன. சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. அதன்பின் 26 கிலோ அரிசி மூட்டை சந்தையில் நடமாடத் தொடங்கியதை நாம் அறிவோம். எது எந்தப் பக்கம் என்று பில் போடுகிறவர் அறிந்திருந்தால்தான் மிஷின் சரியாகப் போடும். நாம் சரக்கு வாங்கிய இடத்தில் நம்மிடம் வரியை வாங்கிக்கொண்டு கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால், அந்தப் பில் நம் 2பி பட்டியலில் வராது. வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை நாம் கழித்துக்கொள்ள முடியாது. கொடுத்த வரியையே மறுபடி கொடுக்க நேரும். மாதா மாதம் அந்தப் பட்டியலை ஒரு முறை நம் கண்ணால் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறோம். அவர் அலுவலகத்துப் பையனும் பட்டனைத்தான் அமுக்குகிறான்.

நாம் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும், பணம் அனுப்பியதுபோல் பொய்யான படத்தைக் காட்டிச் சரக்கோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். இரவு கடை கட்டுமுன் பேங்க் வரவையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிற கடையில் இந்த மோசடி ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

நாம் செய்யக்கூடியது

நம் யோசனை மிகவும் எளியது. கம்ப்யூட்டர் கணக்கில் ‘மகமை’ என்று ஒரு தலைப்பைத் திறப்போம். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். வாடிக்கையாளர் பில்லில் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் வரிச் சிக்கல் வரும். நம் லாபத்திலிருந்து நாளொன்றுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைப்போம். நூறு கடைகள், வருடத்தில் முந்நூறு நாட்கள் என்றால் மூன்று லட்சம் ரூபாய் ஆகிறது. இதைச் சங்கத்தில் கட்டி ரசீது பெறுவோம்.

அந்தப் பணத்தில் சங்கக் கட்டிடத்தில் ஒரு கணக்கு வகுப்பு நடத்துவோம். முதல் மாதம் காகிதத்தில் நாள்வழியும் பேரேடும் எழுதட்டும். இரண்டாம் மாதம் அதையே கம்ப்யூட்டரில் போடட்டும். பிறகு வரிப் பட்டியலையும் பேங்க் கணக்கையும் ஒத்துப் பார்க்கப் பழகட்டும். கடைப் பையன்களுக்கு மட்டுமல்ல, நம் வீட்டுப் பெண்களுக்கும் இடம் தர வேண்டும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து நம்மிடம் மூட்டை தூக்கும் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும். விருதுநகரில் அன்று பிடி அரிசி போட்ட தாய்மார்கள், இது யார் வீட்டுப் பிள்ளைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டா போட்டார்கள்?

“கற்றுக்கொடுத்தால் பையன் வேறு கடைக்குப் போய்விடுவானே” என்று சிலர் சொல்லக்கூடும். போகட்டும். நம் முன்னோர்கள் அப்படிப் போனவர்களுக்கு முதல் கொடுத்து அனுப்பினார்கள். அதனால் வியாபாரம் பெருகிற்றே தவிரக் குறையவில்லை. “எல்லாம் போனிலேயே வீடியோவாக வருகிறதே” என்றும் சொல்வார்கள். வருகிறது, உண்மைதான். ஆனால் நாம் எழுதிய கணக்கில் இந்த வரி தப்பு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைகளில் பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

புதிதாகக் கற்கத் தொடங்க நல்ல நாள் விஜயதசமி. அதற்குள் வகுப்பு தொடங்க, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். நம் கடையின் மகமையை இம்மாதம் முதல் தேதியிலிருந்தே எழுதத் தொடங்கிவிட்டோம்.