நுரையும் தேனும் மாவும்

மழை விட்ட காலை வேளைகளில் வீட்டுத் தோட்டத்துச் செடிகளில், இலைக்காம்பின் இடுக்கிலோ இளந்தண்டிலோ வெண்ணுரை அப்பியிருப்பதைச் சில சமயம் காணலாம். யாரோ எச்சில் துப்பிச் சென்றது போல் இருக்கும். செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென அஞ்சி மருந்துக்கடைக்கு ஓடுவோர் உண்டு. அந்த ஓட்டம் வேண்டுமா என்பதையே இங்கு ஆராய்வோம்.

நுரையை ஒரு குச்சியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே மென்மையான சிறு குஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும். இதுவே நுரைப்பூச்சி, ஆங்கிலத்தில் ஸ்பிட்டில்பக் என்பர். ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகி, வேரிலிருந்து மேலேறும் நீர்க்குழாய்ச் சாற்றை இது உறிஞ்சுகிறது. அச்சாறு பெரும்பாலும் வெறும் நீரே. சத்து மிகக் குறைவு. ஆதலால் வயிறு நிரம்ப, நாளொன்றுக்குத் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கு மேலும் பருக நேர்கிறது. மிச்ச நீர் பின்புறமாக வெளியேறும்போது, பசை போன்ற பொருளைக் கலந்து காற்றை ஊட்டி நுரையாக்கி விடுகிறது. வெயிலில் உலராமலும் பகைவர் கண்ணில் படாமலும் அந்நுரை அதனைக் காக்கிறது. வளர்ந்த பூச்சிக்கு நுரை கிடையாது. அது தத்திப் பாயும். ஐரோப்பிய இனமொன்று ஆறு மில்லிமீட்டர் நீளமே உடையது. எனினும் எழுபது சென்டிமீட்டர் உயரம் தாவும்!

ஓரிரு நுரைக் கட்டிகளால் செடிக்குக் கேடில்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். அல்லது விரலால் வழித்தெறியலாம். ஆனால் இதே பூச்சி கிருமியைச் சுமந்தால் கதை வேறு. 2013-இல் இத்தாலியின் தென்பகுதியில் ஆலிவ் மரங்களில் சைலெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. அதை மரத்துக்கு மரம் பரப்பியது நுரைப்பூச்சியே. இலட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அயல்நாட்டுச் செடிகளைச் சோதனையின்றிக் கொண்டுவரலாகாது என்பதற்கு இதுவே சான்று.

நுரைப்பூச்சிக்கு உறவான மாந்தத்துப்பூச்சியைச் சித்தூர் மாந்தோப்புகளில் காணலாம். இது உறிஞ்சுவது இலையில் உண்டான சர்க்கரையைக் கொண்டுசெல்லும் உணவுக்குழாய்ச் சாறு. மிஞ்சிய சர்க்கரை தேன்போல் இலைகளில் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இவ்வூர்த் தெலுங்கு உழவர் இதனைத் ‘தேனெமஞ்சு புருகு’ என்பர். தேன் பனியாய்ப் பொழியும் பூச்சி என்பது பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! பூங்கொத்து கருகி உதிர்ந்தால் ஓராண்டு உழைப்பு வீண். கிளிமூக்கு மாம்பழத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது சிறு இழப்பன்று. நெருங்கிய கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் புகவிட வேண்டும். மொட்டு விடும்போதே கவனித்து, தேவையானால் வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்தடிக்கலாம். பூ முழுதும் மலர்ந்தபின் அடிப்பது தவறு. மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும்.

மூன்றாவது, செம்பருத்தியிலும் பப்பாளியிலும் பஞ்சுபோல் படியும் மாவுப்பூச்சி. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதல் காணப்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சியாதலால் இங்கு அதற்குத் தக்க எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பாழாயின. மெழுகுப் போர்வைக்குள் நஞ்சும் எளிதில் நுழையவில்லை. 2010-இல் பெங்களூரிலுள்ள பூச்சி ஆய்வுப் பணியகத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைச் சிறு குளவிகளை வரவழைத்தனர். அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே அதனைத் தின்றுவிடும். நஞ்சு சாதிக்காததைக் கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குளவிகள் சாதித்தன. நஞ்சை அள்ளித் தெளித்தால் முதலில் மடிவதும் இத்தகைய நண்பர்களே!

தோட்டத்தில் மாவுப்பூச்சி கண்டால் தாக்குண்ட நுனியை வெட்டி அழியுங்கள். பிறகு சோப்புநீர் தெளியுங்கள். முதலில் ஓரிலையில் தெளித்து, இலை கருகவில்லை என்று கண்டபின் செடி முழுதும் தெளிப்பது நல்லது.

இனம் காண எளிய வழி எறும்புதான். எறும்புகள் சாரையாகச் செடியில் ஏறினால், சர்க்கரை சொட்டும் பூச்சி மேலே இருக்கக்கூடும்; தேடிப் பாருங்கள். நுரையில் சர்க்கரை இல்லை; எறும்பு அதனை நாடுவதில்லை. ஆகவே, நண்பர்களே, நுரையானால் தண்ணீர். மாவானால் கத்தரியும் சோப்பும். மாம்பூவில் தேனானால் காலமறிந்த கவனம். பூச்சியின் பெயர் தெரியுமுன் நஞ்சுப் புட்டியின் மூடியைத் திறவாதிருப்போமாக.